முடி, முகம், காயம்: அரங்குக்கும் திரைக்குமான ஒப்பனை வடிவமைப்பைக் கற்றல்

அரங்க, திரை ஒப்பனை வடிவமைப்பில் மூன்று கைவேலைகள் சேர்ந்திருக்கின்றன. முகத்துக்கும் உடலுக்கும் நிறம் தீட்டுவது ஒன்று. தலைமுடி, டோப்பா, தாடி, மீசை ஆகியவற்றைக் கையாள்வது இன்னொன்று. அச்சில் வார்த்த துண்டுகளைத் தோலில் ஒட்டி முதுமையையோ வெட்டுக்காயத்தையோ வேறொருவரின் மூக்கையோ உண்டாக்கும் புரொஸ்தெட்டிக் வேலை மூன்றாவது. மணப்பெண் அலங்காரம் தெரிந்தவருக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கும். ஆனால் நோக்கம் வேறு. அலங்காரத்தில் ஆள் அழகாகத் தெரிய வேண்டும். இங்கே பாத்திரம் தெரிய வேண்டும், அதுவும் கதையின் அந்தக் கட்டத்தில் அந்தப் பாத்திரம் எப்படி இருக்குமோ அப்படி. ஆகவே கற்கவேண்டிய முதல் காரியம் தூரிகை பிடிப்பது அல்ல, பிரதியைப் படிப்பது. காட்சி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாத்திரத்தின் முடி, தோல், காயம், அழுக்கு, வியர்வை என்னவாக இருக்கும் என்று கட்டம் போட்டு எழுதிய அட்டவணை இல்லாமல் வண்ணப்பெட்டியைத் திறப்பதில் பயனில்லை.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இதைக் கற்க விரும்பும் மாணவருக்குக் கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. பெரிய கூட்டம் பார்க்க, திறந்தவெளியில், கடற்காற்றில் கதை நிகழ்த்தும் மரபுகள் இங்கே இரண்டு இருக்கின்றன. சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே இருக்கும் உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் ஆடித் திருவிழா பாரதக் கதையை ஒட்டி நடந்து தீமிதிப்பில் முடிகிறது. தெற்கே சிலாபத்திலிருந்து வென்னப்புவ வரையான கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் நடக்கும் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகமும் பழைய நாட்டுக்கூத்தும் வேரூன்றியவை. சிங்கள நாடகம என்ற இசைக்கூத்து வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்து இந்தக் கத்தோலிக்கக் கரை வழியாகவே பரவியது. 1956இல் நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை அந்த வடிவத்தில்தான் ஆக்கினார். பாரதத்திலிருந்து முடியையும் திருப்பாடுகளிலிருந்து தாடியையும் காயத்தையும் கற்றுக்கொண்டால் இத்துறையின் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்க வேண்டும். கோயில் சடங்கும் மேடை நாடகமும் ஒன்றல்ல. விரதம் இருந்து தீ மிதிப்பவர் நடிகர் அல்லர். அவர் முகத்தில் பூசப்படுவது வேடமும் அல்ல. மாணவர் அங்கே பார்த்துக் கற்கலாம், அனுமதி பெற்று வரைந்து கொள்ளலாம். கைவைக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. கதையை மேடையில் நாடகமாக நிகழ்த்தும்போதுதான் வடிவமைப்பாளரின் வேலை தொடங்குகிறது.

திரௌபதையின் கூந்தல்

முடியே கதையை நடத்தும் நாடகம் தமிழில் வேண்டுமானால் பாரதத்தை விட்டால் வேறில்லை. அரசியின் கூந்தல் முதலில் வாரி முடிந்து பூச்சூடி இருக்கிறது. சபைக்கு இழுத்துவரும்போது துச்சாதனன் கையில் குலைகிறது. சபதத்துக்குப் பிறகு வனவாசம் முழுதும் விரிந்தே கிடக்கிறது. போர் முடிவில் இரத்தம் பூசி முடிக்கப்படுகிறது. ஆக ஒரே பாத்திரத்துக்கு நான்கு நிலைகள். அவற்றை ஒரே டோப்பாவில் செய்ய முயல்வது புதியவர்கள் செய்யும் தவறு. முடிந்த நிலைக்கு ஒன்று, விரிந்த நிலைக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். இழுக்கப்படும் காட்சிக்கான டோப்பா தலையில் மிகவும் உறுதியாக உட்கார வேண்டும். அதற்கு நடிகையின் சொந்த முடியை மெல்லிய சடைகளாகப் பின்னித் தலையோடு தட்டையாகச் சுற்றி, மேலே வலைத்தொப்பி போட்டு, ஊசிகள் அந்தச் சடைகளைக் கவ்வும்படி குத்த வேண்டும். வழவழத்த முடியில் குத்திய ஊசி நிற்காது. துச்சாதனனாக நடிப்பவர் உண்மையில் பிடிக்கவேண்டியது கூந்தலின் நுனியை அல்ல, உள்ளே தைத்த ஒரு துணிப்பட்டியை. இழுபடும் அசைவை நடிகை தானே தர வேண்டும். இதை ஒத்திகையில் இருவருக்கும் சொல்லிக் கொடுப்பது முடி வடிவமைப்பாளரின் பொறுப்பு.

செயற்கை இழை டோப்பா மலிவு. ஆனால் மேடை விளக்கில் பிளாஸ்டிக் போல மின்னும். சிறிது முகமாவைத் தூவித் துலக்கினால் மினுக்கம் அடங்கும். சூடான இரும்பு பட்டால் சாதாரணச் செயற்கை இழை உருகிவிடும், தீப்பந்தம் வரும் காட்சியில் அதை அணிவிக்கவே கூடாது. மனித முடி டோப்பா விலை கூடியது, ஆனால் வாரலாம், சுருட்டலாம், கமராவுக்கு அருகிலும் தாங்கும். முனிவர், அரக்கர், அரசர் ஆகியோருக்கான சடாமுடிக்கு இந்தக் கரையில் கிடைக்கும் தென்னந்தும்பே போதும். தும்பு தலையை அரிக்கும் என்பதால் உள்ளே பருத்தித் துணியால் அடித்தொப்பி தைத்து, அதன்மேல் வரிசை வரிசையாகக் கட்டித் தைக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்து இரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடை இரத்தம் பெரும்பாலும் சீனிப்பாகும் உணவு நிறமும் சேர்த்துக் காய்ச்சுவது. பார்வைக்கு நல்லது, வாயில் பட்டாலும் கேடில்லை. ஆனால் வெட்டவெளி மேடையில் எறும்பும் ஈயும் மொய்க்கும், டோப்பாவில் காய்ந்தால் கூந்தல் கட்டியாகிவிடும், வெள்ளைச் சேலையில் கறை போகாது. பாகைக் குறைத்துச் சிறிது பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் துவைக்கும்போது கறை விடும். அந்தக் கலவையை வாயருகில் பயன்படுத்தக் கூடாது. எந்தக் கலவையானாலும் அந்த உடையின் துண்டுத் துணியில் முதலில் தோய்த்து, உலர்த்தி, துவைத்துப் பார்க்க வேண்டும்.

தாடியும் திருப்பாடுகளும்

வென்னப்புவவுக்குப் பக்கத்துப் பொரலெஸ்ஸ கிராமத்தில் 1923இல் கே. லோரன்ஸ் பெரேரா தொடங்கிய திருப்பாடுகளின் நாடகம், ஜெர்மனியின் ஓபராமெர்காவ் கிராமத்து நாடகத்தின் தூண்டுதலால் எழுந்தது. அதுவரை இந்தத் தீவில் ‘பாஸ்’ எனப்படும் திருப்பாடுகளின் காட்சிகளில் இயேசுவும் மரியாளும் மரச்சிலைகளாகவே வந்தார்கள். பொரலெஸ்ஸவில் மனிதரே நடித்தனர். 1939இல் பெண் பாத்திரங்களுக்குப் பெண்களையே மேடையேற்றியதும் பேராயரின் தடை வந்தது. சிலையிலிருந்து மனித முகத்துக்கு வந்த அந்த மாற்றம் ஒப்பனை மாணவருக்கு முக்கியம்: சிலையின் முகபாவம் செதுக்கப்பட்டது, மனித முகத்தில் அதை விளக்கு, நிறம், முடி ஆகியவைதான் தூரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.

ஓபராமெர்காவில் 1634 முதல், இடையில் சில விலக்குகளோடு, 10 ஆண்டுக்கொரு முறை நாடகம் நடக்கிறது. அங்கே ஒட்டுத்தாடிக்கே இடமில்லை. நாடக ஆண்டுக்கு முந்திய ஆண்டின் திருநீற்றுப் புதனிலிருந்து ஊரார் முடியும் தாடியும் வளர்க்கிறார்கள். இங்கே ஒத்திகை பெரும்பாலும் தவக்காலத்தை ஒட்டியே சூடுபிடிக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றரே வளரும் என்பதால் 40 நாளில் கிடைப்பது ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கும் குறைந்த தாடி. அதுவே பெரிய உதவி. வளர்ந்த குறுந்தாடியின் மேல் ஒட்டுத்தாடிக்கான கிறேப் முடி சேர்த்தால் ஓரம் தெரியாது. ஆகவே வடிவமைப்பாளர் நடிகர் பட்டியல் முடிவான அன்றே யார் சவரம் செய்யக்கூடாது, யார் மீசையைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஒட்டவேண்டி வந்தால் முறை இது. கிறேப் முடி பின்னலாக வரும். நனைத்து, இழுத்துக் கட்டி உலர்த்தி நேராக்க வேண்டும். யாருடைய தாடியும் ஒரே நிறமல்ல, ஆகவே கறுப்போடு கபிலமும் சிறிது செம்பழுப்பும் கலந்து சீப்ப வேண்டும். தோலை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, ஸ்பிரிட் கம் என்ற பசையை மெல்லிதாகப் பூசி, விரலால் தட்டித் தட்டி இழை இழுக்கும் பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே முடியை வைப்பதால்தான் பாதித் தாடிகள் இரண்டாம் காட்சியில் தொங்குகின்றன. தாடைக்கு அடியில் தொடங்கி, சிறு சிறு கற்றையாக, மேல்நோக்கி அடுக்க வேண்டும். முழுதும் ஒட்டி முடிந்த பிறகுதான் கத்தரிக்கோல். ஒரே வேடம் பல நாள் வருமானால் மெல்லிய வலையில் கொக்கியூசியால் முடி முடிச்சிட்ட தாடியைச் செய்து வைப்பது நல்லது. முதலில் உழைப்பு அதிகம், பிறகு வேளைக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

காயங்கள் கதையோடு வளர வேண்டும். கெத்சமனியில் இரத்த வியர்வை, பிறகு கன்னத்தில் அறை, கசையடித் தழும்புகள், முள்முடி, சிலுவை சுமந்து விழுந்த முழங்கால், இறுதியில் கை கால் விலா. கசையடித் தழும்புகளைக் காட்சிக்கு நடுவில் செய்ய நேரம் கிடைக்காது. தொடக்கத்திலேயே முதுகில் ஒட்டி, மேலங்கிக்குள் மறைத்து வைத்துத் தக்க நேரத்தில் வெளிக்காட்ட வேண்டும். முள்முடியை உண்மை முள்ளில் கட்டும் பழக்கம் பக்தியால் வந்தது. கண்ணுக்கு அருகில் அது ஆபத்து. இறப்பர்ப்பால் வார்த்த மென்முள் போதும். உட்புறத்தில் இரத்தம் தோய்த்த சிறு பஞ்சு வைத்தால் சேவகன் முள்முடியை அழுத்தும்போது நெற்றியில் தானாக வழியும்.

அச்செடுத்தல்

முகத்துக்குப் பொருந்தும் துண்டு வார்க்க முதலில் அந்த முகத்தின் பிரதி வேண்டும். இதற்கு ஏற்றது பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அல்ஜினேற் மா. பல்மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். நடிகரின் முடியை இறப்பர்த் தொப்பியால் மூடி, புருவத்துக்கும் இமைமயிருக்கும் வசலின் தடவ வேண்டும். அல்ஜினேற் சில நிமிடத்தில் இறுகிவிடும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. ஆகவே குளிர்ந்த நீரில் கரைக்க வேண்டும். நெற்றியிலிருந்து கீழ்நோக்கிப் பூசி, மூக்குத் துவாரங்களைக் கடைசிவரை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துத் திறந்தே வைத்திருக்க வேண்டும். வாய் மூடி, கண் மூடி, காதும் அடைத்த நிலையில் நடிகருக்குத் திடீரென மூச்சுமுட்டும் பயம் வருவது இயல்பு. கட்டைவிரல் உயர்த்தினால் சரி, கையை வீசினால் உடனே கழற்றுவது என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். கழற்றச் சொன்ன பிறகு ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்று சொல்பவருக்கு இந்தத் தொழில் உகந்ததல்ல. இறுகிய அல்ஜினேற்றின் மேல் பிளாஸ்டர் சாந்து தோய்த்த துணிப் பட்டைகளை ஒட்டிக் கூடாக்கி, நடிகரை முகத்தைச் சுளிக்கச் சொன்னால் அச்சு தானாகத் தளர்ந்து கையில் வரும். அது காய்ந்து சுருங்கும் முன், அந்த மணிநேரத்திலேயே, உள்ளே சாந்து ஊற்றிவிட வேண்டும்.

சாந்தைத் தோலில் நேரடியாகத் தடித்துப் பூசவே கூடாது. இறுகும்போது அது சூடேறும்; சதையைச் சுடும் அளவுக்கு ஏறும். இந்தச் சாந்து, அதாவது பிளாஸ்டர் ஒஃப் பரிஸ், ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்தது. புத்தளத்து உப்பளங்களில் உப்புப் படிவதற்கு முந்திய பாத்திகளில் படியும் வெள்ளைக் கல்லும் அதே ஜிப்சந்தான். சுட்டபோது நீரை இழந்த சாந்து மீண்டும் நீரை ஏற்கும்போது வெப்பம் வெளிவருகிறது.

சாந்து முகத்தின் மேல் எண்ணெய்க் களிமண்ணால் மூக்கையோ கன்னச் சுருக்கத்தையோ வடிக்க வேண்டும். வடிப்பில் எல்லாம் ஓரத்தில் இருக்கிறது: நடுவில் எவ்வளவு தடிப்பானாலும் விளிம்பு தோலோடு கரையும்படி மெலிய வேண்டும். வடித்ததன்மேல் மறு அச்சு எடுத்து, களிமண்ணை நீக்கி, அந்த வெற்றிடத்தில் பொருளை ஊற்றி எடுத்தால் துண்டு தயார். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் 1970இல் வந்த ‘லிட்டில் பிக் மேன்’ படத்தில் டஸ்ரின் ஹொஃப்மனை 121 வயதுக் கிழவராக்கியபோது, முகத்தை முழு முகமூடியாக வார்க்காமல் ஒன்றன்மேல் ஒன்று படியும் தனித்தனித் துண்டுகளாக வார்த்தார். முகத்தசை அசைந்தால் துண்டும் அசையும் இந்த முறையே இன்றைய வழக்கம். தமிழில் ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ (இரண்டும் 1996), ‘தசாவதாரம்’ (2008) ஆகிய படங்களில் கமல்ஹாசனுக்கு மைக்கேல் வெஸ்ட்மோர் செய்த வேலையை மாணவர் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். வாயோரமும் கண்ணோரமும் பேசும்போது அசைகின்றனவா என்பதே கேள்வி. ‘தசாவதார’த்தின் பத்து வேடங்களிலும் இதற்கான விடை ஒன்றல்ல, எங்கே முகம் உயிரோடு இருக்கிறது, எங்கே இறுகிப்போகிறது என்று ஒப்பிடுவதே நல்ல பயிற்சி.

எந்தப் பொருளில் வார்ப்பது என்பதை இந்தக் கரையில் வெயில் தீர்மானிக்கிறது. ஜெலற்றின் மலிவு, வீட்டு அடுப்பிலேயே உருக்கலாம். ஆனால் உடற்சூட்டிலும் வியர்வையிலும் இளகும். பங்குனி வெயிலில் சிலுவை சுமப்பவருக்கு அது ஆகாது. மேலும் ஜெலற்றின் பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. புத்தளம், கற்பிட்டி முஸ்லிம் நடிகருக்கும், விரதம் இருக்கும் உடப்பு நடிகருக்கும் அதைச் சொல்லாமல் முகத்தில் ஒட்டுவது பெரும் பிழை. மீன் ஜெலற்றினோ ஹலால் முத்திரை உள்ளதோ உண்டா என்று தேடலாம், அல்லது வேறு பொருளுக்குப் போகலாம். இறப்பர்ப்பால் இந்த நாட்டில் தாராளம், காற்றோட்டமான மேடைக்குப் போதுமானது. கமராவுக்கு அருகில் அதன் ஒளிபுகாத் தன்மை தெரியும். சிலிக்கன் தோல்போல ஒளியை உள்வாங்கும், வியர்வைக்கு இளகாது, விலைதான் அதிகம். பிளாட்டினம் வகைச் சிலிக்கனை இறப்பர்க் கையுறை போட்ட கையால் தொட்டால், அல்லது கந்தகம் கலந்த களிமண் பட்டால், அது இறுகவே இறுகாது. எங்கும் இறப்பர்க் கையுறையே புழங்கும் இலங்கையில் இதை அறியாமல் வார்ப்பைப் பாழாக்குவது எளிது. நைட்ரில் கையுறை அணிய வேண்டும்.

கையில் பணமில்லாத மாணவர் இறப்பர்ப்பாலோடு தொடங்கலாம். கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, மெல்லிய பூச்சுப் பூசி, விசிறி உலர்த்தி, முகமாத் தூவிய பின் விட்டால் உண்மையான சுருக்கம் விழும். இருபது வயது நண்பரை அறுபதாக்கும் இந்தப் பயிற்சிக்கு அச்சும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

நிறம், விளக்கு, காற்று

நம் மேடைகளில் இன்னும் ஒழியாத குற்றம், பழுப்புத் தோலின்மேல் இளஞ்சிவப்பு வெள்ளைப் பூச்சு அப்புவது. தூரத்திலிருந்து அது அழகாகத் தெரிவதில்லை, சாம்பல் பூத்துத் தெரிகிறது; கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அடிப்பூச்சைத் தாடையோரத்தில் தீட்டிப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். கடையில் கிடைக்கும் நிறம் பொருந்தாவிட்டால் மஞ்சள், சிவப்பு, மிகச் சிறிது நீலம் சேர்த்துக் கலந்துகொள்ளலாம். நாயகிக்கு வெள்ளை, அரக்கனுக்குக் கறுப்பு என்ற வழக்கத்தையும் மாணவர் கைவிட வேண்டும். துச்சாதனனின் கொடுமை அவன் புருவத்திலும் வாயோரத்திலும் தெரியட்டும், தோலின் நிறத்தில் அல்ல. பெண்வேடமிடும் ஆணுக்குச் சவரம் செய்த இடத்தில் நீலம் தெரியும். அடிப்பூச்சுக்கு முன் செம்மஞ்சள் நிறத் திருத்துபூச்சு ஒன்றைப் பூசினால் அடங்கும்.

எல்.ஈ.டி. விளக்கு சிவப்பைக் குறைத்துக் காட்டலாம், மஞ்சள் குமிழ் கூட்டிக் காட்டலாம். நிகழ்ச்சி நடக்கும் அதே விளக்கில், கடைசி வரிசையிலிருந்து ஒருமுறை பார்க்காமல் எந்த வடிவமைப்பையும் முடிவாக்கக் கூடாது. திறந்தவெளியில் கண்ணும் புருவமும் வாயும் தடித்த கோடு கேட்கும், திரைக்கு அதில் பத்திலொரு பங்கு போதும். ஆடி மாதம் தென்மேற்குக் காற்று கடற்கரையில் மணலை வாரி வீசும் காலம். ஈரமான பூச்சில் மணல் ஒட்டும். ஆகவே ஒவ்வொரு அடுக்கையும் முகமாவால் உலர்த்தி நிறுத்திய பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும்.

பழைய கூத்து ஒப்பனையின் அரிதாரம் ஆசனிக் சேர்ந்தது, சாதிலிங்கம் பாதரசம் சேர்ந்தது. மரபின்மேல் எவ்வளவு பற்று இருந்தாலும் இவற்றைத் தோலில் பூசக் கூடாது; அதே நிறங்கள் நஞ்சில்லாமல் இன்று கிடைக்கின்றன. இறப்பர்ப்பாலும் பசையும் சிலருக்கு ஒவ்வாது. முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி 24 மணிநேரம் பார்த்த பின்பே முகத்துக்குப் போக வேண்டும். ஸ்பிரிட் கம்மும் அதை நீக்கும் திரவமும் தீப்பற்றுபவை. கற்பூரமும் பந்தமும் எரியும் இடத்தில் அவற்றின் மூடியைத் திறக்கவே கூடாது. கண்மை, உதட்டுச்சாயம் ஆளுக்கு ஆள் தனித்தனி.

எங்கே கற்பது

பாடசாலையில் க.பொ.த. உயர்தரத்து ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் நல்ல தொடக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகத்தைத் தமிழில் பயிலலாம். அங்கே ஒப்பனை ஒரு பகுதியாகவே வரும். ஆனால் வடிவமைப்பாளருக்கு வேண்டிய பிரதி வாசிப்பு அங்கேதான் வாய்க்கும். கைவேலைக்கு அழகுக்கலை, சிகையலங்காரப் பயிற்சிகளில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் விசாரிக்கலாம். முகத்தில் மேடு கட்டும் கலையை மரபாகக் கற்பிக்கும் இடம் கேரளக் கலாமண்டலம். 1930இல் கவிஞர் வள்ளத்தோள் நிறுவிய அந்தக் கழகத்தில் கதகளியின் சுட்டி, அதாவது தாடையைச் சுற்றி அரிசிமாவும் சுண்ணாம்பும் காகிதமும் கொண்டு வெண்விளிம்பு கட்டும் வேலை, தனிப் பாடமாகப் பல ஆண்டு பயிற்றப்படுகிறது. இங்கிலாந்தில் லண்டன் ஃபஷன் கல்லூரி போன்ற இடங்களில் முடி, ஒப்பனை, புரொஸ்தெட்டிக் மூன்றும் சேர்ந்தே பட்டப்படிப்பாக உள்ளன. செலவு பெரிது; அங்கே போகிறவரிடமும் முதலில் கேட்பது செய்த வேலைகளின் தொகுப்பையே.

அந்தத் தொகுப்பில் முடிந்த முகத்தின் படம் மட்டும் இருந்தால் பயனில்லை. வரைபடம், காட்சி அட்டவணை, அச்செடுத்த நிலை, ஒட்டும் நிலை, மேடையில் தூரத்திலிருந்து எடுத்த படம், எவ்வளவு நேரமும் பணமும் ஆயிற்று என்ற குறிப்பு ஆகியவை வரிசையாக வேண்டும். படம் எடுக்க நடிகரின் ஒப்புதலும் வேண்டும். திரைப்படத்தில் காட்சிகள் வரிசை மாறிப் படமாவதால், ஒவ்வொரு நாளும் காயத்தின் அளவையும் இடத்தையும் படமெடுத்துக் குறித்துவைக்கும் பழக்கத்தை நாடகத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும்.

முப்பது பேர் நடிக்கும் நாடகத்தில் ஒப்பனைக்கு மூவர் இருந்தால், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றாலும் இரண்டரை மணிநேரம் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டுத் தாளில் எழுதிக்கொண்டு, தாடி ஒட்டவும் காயம் வார்க்கவும் தெரியும் என்று சொல்லி, தவக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஊர் நாடகக் குழுவின் வாசலில் போய் நிற்கும் மாணவருக்கு முதல் வேலை கிடைக்கும்.